உப்புதான் பார்த்தேன்

அன்பு மகள் உப்புக்கட்டிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், எப்போதும் இந்த வரியை எழுதிவிட்டு யோசிக்காமல் மேலே போய்விடுவேன், இந்தத் தடவை இது வெறும் வாய் வார்த்தை இல்லை, டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட தாள் பக்கத்திலேயே இருக்கிறது, ஃபேன் காற்றில் பறந்துவிடக்கூடாது என்று அதன்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்திருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் இதேபோல் சுகமாக இருக்கவேண்டும், உனக்கு இருமல் நின்றுவிட்டது என்று அம்மா சொன்னாள், சந்தோஷம். ஒரு நிமிஷம் போனில் சொல்லக்கூடிய விஷயத்துக்கு அப்பா எதற்குக் கடிதம் எழுதி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது, நாலு மாதம் முன்பு ஓடினதே போதும். பேனா என்றால் மெதுவாகத்தான் போகும், தப்பாகப் போனால் அடித்துவிட்டு எழுதலாம். இதில் நிறைய அடித்தல் திருத்தல் இருக்கும், பாதி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இது வேண்டாம் அது வேண்டாம் என்று சொன்னதால் வந்தது, மீதி நானாகவே வெட்கப்பட்டு அடித்தது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்துக் கதையை ஒழுங்காக உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒன்பது மாதம் முன்பு கேன்டீனில் பருப்பு அண்டாவை இறக்கும்போது யாரோ நெஞ்சில் முழங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது, வாயுத் தொல்லை என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த அண்டாவுக்குப் போனேன், பாத்திரம் தேய்க்கிற அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு இது அடுப்பு வேர்வை மாதிரி இல்லையே மாஸ்டர் என்று சொல்லி, தொழிற்சாலை வண்டியை வரவழைத்து, ஈரக் கையோடு என்னைப் பிடித்து ஏற்றிவிட்டார். அடைப்பை எடுத்து உள்ளே ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள், பேனா ரீஃபிலைவிடச் சின்னது, அதைக் கையில் காட்டி இதுதான் உங்களைத் தாங்கப்போகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஒரு பட்டியல் கொடுத்தார். வெண்ணெய் கூடாது, பாலாடை கூடாது, பொரித்தது கூடாது, கொழுப்போடு இருக்கிற இறைச்சி கூடாது. எனக்கு வெண்ணெய் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியாதா, வாணலியில் அது உருகி நுரை கட்டும் சத்தம் கேட்டால் செத்தவன்கூட எழுந்து வருவான் என்று நான் சொல்லிச் சொல்லி உன் காது புளித்திருக்கும். ஆனாலும் வாயைக் கட்டினேன். நீ நம்பவில்லை, நிஜமாகக் கட்டினேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் அம்மா டப்பாவில் கொடுத்துவிடுகிற அவித்த காயும் கைப்பிடிச் சோறும், ராத்திரி எண்ணெய் தொடாத ரொட்டி இரண்டு. கேன்டீனில் இருநூற்றெண்பது பேர் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு அவித்த பீன்ஸைக் கடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், கெட்ட கொழுப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மாத்திரை போடுகிறேன், நடக்கிறேன், பட்டினி மாதிரி சாப்பிடுகிறேன், அது மட்டும் நகரமாட்டேன் என்கிறது. வெளியே ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார், இல்லவே இல்லை என்றேன். கேன்டீனில் சாப்பிடுகிறீர்களா என்றார், அதைத் தொடுவதே இல்லை என்றேன். அம்மாவும் தலையை ஆட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய், நான் பெருமையாக ஒரு வாய்கூட சாப்பிடறதில்லம்மா என்று சொன்னேன், நீ பொய் சொல்றீங்கப்பா என்று கத்தினாய், யாரை ஏமாத்துறீங்க, என்னையா உங்க நெஞ்சையா என்று கேட்டாய். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. பெற்ற அப்பனைப் பார்த்துப் பொய்யன் என்கிறாயா என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மாதான் பேசினாள், நான் நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நான் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அவ்வப்போது இருமினேன். அப்பாவுக்கு இருமலா என்று நீ அம்மாவைக் கேட்டாயாம். இருமல் இல்லை, வீம்பு.

இனிமேல்தான் விஷயமே. அந்தச் சண்டை நடந்து பத்து நாள் இருக்கும், ஒரு நாள் காலையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற அம்மா என் பின்னாலேயே சுற்றினார். கையில் ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் தூக்கு. நான் ஒரு அண்டாவைவிட்டு நகர்ந்ததும் அவர் அந்த அண்டாவிலிருந்து ஒரு சின்னக் கரண்டி எடுத்துத் தூக்கில் ஊற்றுகிறார், நான் திரும்பி வந்து போனால் மறுபடியும் ஒரு கரண்டி. வீட்டுக்கு எடுத்துப்போகிறார்போல என்று நினைத்தேன், கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று தெரியாத மாதிரி இருந்தேன், நமக்கும் எவ்வளவு பெரிய மனசு என்று உள்ளுக்குள் ஒரு மெச்சல் வேறு. மூன்று மணிக்கு வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தூக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கழுத்துவரை இருந்தது. என்னம்மா இது என்றேன். இன்னிக்கு நீங்க பார்த்த உப்பு மாஸ்டர் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. ஒன்பது அண்டா. ஒவ்வொன்றிலும் கொதி வந்ததும் ஒரு தடவை உப்புப் பார்ப்பேன், உப்புப் போட்ட பிறகு ஒரு தடவை, இறக்கும் முன் ஒரு தடவை, இறக்கின பிறகு சந்தேகத்துக்கு ஒரு தடவை, நன்றாக வந்திருந்தால் சந்தோஷத்துக்கு இன்னொன்று. முப்பத்தோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இது சாப்பாடு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. தட்டு இல்லை, உட்காரவில்லை, பசிக்குத் தின்னவில்லை, உப்புத்தானே பார்த்தேன். பார்ப்பது எப்படிச் சாப்பிடுவது ஆகும் சொல். டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், சாப்பிட்டதைச் சொன்னேன், என்ன பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. அந்தத் தூக்கை அவர் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார், நாளைக்குக் காலையில திறந்து பாருங்க என்று மட்டும் சொன்னார். காலையில் திறந்தால், கண்ணு, குழம்பும் பருப்பும் எல்லாம் கீழே போய், மேலே விரல் தடிமனுக்கு மஞ்சளாக நான் தாளிக்கப் போட்ட வெண்ணெய் உறைந்து கிடந்தது. கரண்டிக்காம்பால் குத்தினேன், டக்கென்று சத்தம் வந்தது. நான் அவித்த பீன்ஸைக் கடித்துக்கொண்டு என்மேல் நானே பரிதாபப்பட்ட அத்தனை நாளும் இந்த மூடியை நெஞ்சுக்குள் போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூக்கை வீட்டுக்கு எடுத்துப்போய், உன் அம்மாவின் கைப்பையில் வைத்து நேராக டாக்டரம்மாவிடம் போனோம். வரவேற்பில் இருந்த பெண் டப்பாவில் சோதனைக்கு ஏதாவது கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து மேலே பெயரை எழுதி ஒட்டச் சொன்னாள், ஒட்டினோம். டாக்டரம்மா திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணால பார்த்தா ஒண்ணும் ஆகாது ஐயா, நீங்க பார்த்தது நாக்காலயாச்சே என்றார். சிரிப்பு முடிந்ததும் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இப்படியே போனால் அடுத்த அடைப்புக்கு நாள் குறிக்கவேண்டியதுதான், ஒன்று அடுப்பை விட்டுவிட்டு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போங்கள், இல்லை ருசி பார்க்காமல் சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மூன்று மாதம் தருகிறேன் என்றார். ருசி பார்க்காமல் சமைப்பது என்றால் உன் அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்வதுபோல. ஆனால் ஸ்டோர் ரூம் எனக்குச் சாவுக்குச் சமானம், அது உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நான் அழுதேன். டாக்டர் முன்னாலேயே அழுதேன், அம்மா இதை அடிக்கச் சொன்னாள், அடிக்கவில்லை.

முதல் வாரம் வாயில் வைத்துத் துப்பிப் பார்த்தேன். அது பெரிய கூத்தாகப் போயிற்று, மேலாளர் அந்தப் பக்கம் வந்தவர் மாஸ்டரே குழம்பைத் துப்புகிறார் என்றால் கெட்டுப்போயிருக்கும் என்று அண்டாவை நிறுத்தி வைத்துவிட்டார், இருநூற்றெண்பது பேரும் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கே துப்புகிற வழி போயிற்று. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற அம்மாவையே கூப்பிட்டு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பத்தொன்பது வருஷமாக என் கரண்டியைக் கழுவுகிறவர், ஒரு நாளும் அதில் ஒரு சொட்டு எடுத்து வாயில் வைத்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதில்லை. முதல் நாள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர் என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டார், உப்பு வாரிப்போட்டிருந்தது, அட்டைப்பெட்டி வெட்டுகிற பிரிவு ஆட்கள் தண்ணீர்க் குழாயைவிட்டு நகரவில்லை. அம்மா, உங்க வீட்டுக்காரர் சமைச்சதுன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லுங்க என்றேன். அதற்கப்புறம் பார்க்கவேண்டுமே, வாயைத் திறந்தால் அருவி. இது உப்பு தூங்குது, இது மிளகு முன்னால ஓடுது, இதுல புளிப்பு கதவுகிட்டயே நிக்குது என்று அவருக்கென்று ஒரு பாஷை. ஒரு தடவை சொன்னால் நான் கைவைக்கிற அளவு துல்லியமாக இருக்கும். என் நாக்கைவிட நல்ல நாக்கு அந்தக் கழுவுத் தொட்டிப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாகச் சும்மா இருந்திருக்கிறது.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னால் அம்மா ஒரே கேள்வி கேட்டாள், உங்க நெஞ்சைக் காப்பாத்த அவங்க நெஞ்சை அடைக்கப்போறீங்களா என்று. எனக்கு அது தோன்றவே இல்லை பார். அடுத்த நாள் கரண்டியை ஒழித்தேன், டீ கலக்குகிற ஸ்பூன் வைத்தேன், ஒரு அண்டாவுக்கு ஒரே ஒரு தடவை, அதையும் சமையல்கட்டில் வேலை செய்கிற மற்ற ஐந்து பேர் பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. வெண்ணெயையும் பாதியாகக் குறைத்து, பூண்டைச் சுட்டுப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்குகிறேன். சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டே செய்தேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தர் மட்டும் வந்து மாஸ்டர் இப்பல்லாம் சாப்பிட்டதும் தூக்கம் வரல, ஏன் என்று புகார் சொன்னார்.

அம்மாவைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. அவளும் எனக்காக வெண்ணெயை நிறுத்தினாள், அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை, டாக்டர் அவளை ஒன்றும் சொல்லவில்லை, நீங்க பார்க்க நான் சாப்பிட்டா அது எனக்கு இறங்குமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். காலையில் இருவரும் பாலம்வரை நடந்து திரும்புகிறோம், அவள் முன்னால் போய்க்கொண்டே இருக்கிறாள், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நான் நின்னா நீங்களும் நின்னுடுவீங்க என்கிறாள். நாலு கிலோ இளைத்துவிட்டாள், மாடி வீட்டுக்காரி என்ன செய்றீங்க என்று ரகசியம் கேட்கிறாள். வியாதி எனக்கு, பாராட்டு அவளுக்கு. போகட்டும், அவளுக்குத் தகும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முழுக்கவும் வாயைக் கட்டினால் நீங்கள் திருட்டுத்தனமாகத் தின்பீர்கள், அதனால் மாதத்துக்கு ஒரு நாள், ஒரு தட்டு, பிடித்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். முதல் மாதம் வெண்ணெயில் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் செய்தேன், நீ சின்ன வயதில் விரலைச் சப்பிக்கொண்டு சாப்பிடுவாயே அதேதான். மேஜைத் துணியை விரித்து, தட்டில் போட்டு, அம்மா எதிரில் உட்கார, மெதுவாகச் சாப்பிட்டேன். முதல் பாதி அமிர்தம். பாதிக்குமேல் என்ன ஆயிற்று தெரியுமா, மிளகு ஏறி ஏறி வந்தது, வெண்ணெய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கடைசி நாலு வாய் எனக்கே பாரமாக இருந்தது. ஒரு கரண்டி பார்க்கிறவனுக்குச் சரியாக இருப்பது ஒரு தட்டு சாப்பிடுகிறவனுக்குச் சரியாக இருக்காது. முப்பத்தோரு வருஷம் இத்தனை பேருக்குச் சமைத்தேன், என் சமையலை நான் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இது தெரிய எனக்கு நெஞ்சு அடைக்கவேண்டியிருந்தது.

நேற்று மூன்று மாதக் கெடு முடிந்து பரிசோதனைத் தாள் வந்தது. கெட்ட கொழுப்பு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தக்கூடாது, நடையை நிறுத்தக்கூடாது, ஆனால் அடுப்பை விடவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைப் பாத்திரம் தேய்க்கிற அம்மாவிடம் காட்டி, தூக்கு யோசனை மட்டும் உங்களுக்கு வராவிட்டால் நான் இன்றைக்கு இல்லை என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அது என் யோசனை இல்ல மாஸ்டர், உங்க வீட்ல கேளுங்க என்றார். வீட்டில் கேட்டேன். அம்மா கொஞ்சநேரம் மழுப்பிவிட்டுப் பிறகு சொன்னாள். நான் போனை வைத்த மறுநாளே நீ அவளைக் கூப்பிட்டாயாம். அப்பா பொய் சொல்லலம்மா, அப்பா குரல்ல பொய் இல்ல, அவர் எதைச் சாப்பிடறார்னு அவருக்கே தெரியலபோல, நாங்க ஆய்வுக்கூடத்துல தண்ணிய அளக்கிற மாதிரி, அவர் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதே அளவு இன்னொரு பாத்திரத்துல எடுத்து வைக்கணும்னு அங்க பாத்திரம் தேய்க்கிறவங்ககிட்ட சொல்லு என்றாயாம். என் பெயரைச் சொல்லாதே, அப்பா இன்னும் வீம்பு பண்ணுவார் என்றும் சொன்னாயாம்.

கண்ணு, நான் நாற்காலியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே நீ என்னை நம்பிவிட்டாய். நான்தான் நாலு மாதம் உன்னை என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபத்தில் பேசவில்லை, தூக்கைப் பார்த்த பிறகு வெட்கத்தில் பேசவில்லை. போனில் சொல்ல வாய் வராது என்று எழுதுகிறேன், என்னை மன்னித்துவிடு. உன்னைப் பெற நான் என்ன கொடுத்துவைத்தேனோ.

உனக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீ ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, கழுவுத் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டே, பொட்டலத்தைப் பிரித்து, கொஞ்சம்தானே என்று கையில் எடுத்து வாயில் போடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னாராம். நீயும் பார்க்கிற சாதிதான். உட்கார்ந்து சாப்பிடு, தட்டில் போட்டுச் சாப்பிடு, அப்போதுதான் எவ்வளவு என்று தெரியும். என் மூக்கு உனக்கு வந்திருக்கிறது, வெண்ணெய் ஆசையும் வந்திருக்கிறது, ரத்தக்குழாயும் என்னுடையதாகத்தான் இருக்கும், பிள்ளைகளும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்று டாக்டரம்மாவே சொன்னார். முப்பத்துநாலு வயது சின்ன வயது என்று தள்ளிப்போடாதே.

அடுத்த மாதக் கடைசியில் நீங்கள் வருவதாக அம்மா சொன்னாள். அந்த மாதத் தட்டை அதுவரை தொடமாட்டேன். இந்த மாதத்துத் தட்டையும் சேர்த்து அன்றைக்கு இரண்டாகச் சாப்பிடலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், முறைத்தார், விட்டுவிட்டேன். உனக்கு ஆறு வயதில் ஒரு விடுமுறை நாளில் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்திருந்தேன், ஒரு வாய் கொடுத்ததும் உப்புக் கம்மிப்பா என்றாய், நான் சிரித்துவிட்டு அப்படியே இறக்கினேன், அன்றைக்குச் சாப்பிட வந்த அத்தனை பேரும் உப்பு டப்பாவைக் கேட்டார்கள். உப்புக்கட்டி என்று உனக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். நீ வருகிற அன்று அதே கோழி, வெண்ணெய் பாதி, மிளகு பாதி. நான் உப்புப் பார்க்கமாட்டேன். நீ பார்த்துச் சொல். கம்மி என்றால் போடுகிறேன், இந்தத் தடவை சிரிக்கமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாகவும் நெஞ்சுக்குப் பாரமில்லாமலும் ரொம்ப வருஷம் நன்றாக இருக்கவேண்டும், இது நானும் அம்மாவும் சேர்ந்து சொல்வது. ரத்தப் பரிசோதனையை மறக்காதே, தாள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. இதைப் படித்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நாற்காலியிலிருந்து இருமல் சத்தம் வராது. போனை நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன்னால் சுகமாக இருக்கும்
அப்பா